வண்ணம் பூசிய பிளாஸ்டிக் மாதிரிப் பாகங்களை ஒட்டும் முறை

பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன மாதிரி உருவங்களுக்கான பசை இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்குவதால், இடையில் வண்ணம் இருந்தால் அதை மட்டுமே இளக்கும். அந்த இணைப்பு எளிதில் பெயர்ந்துவிடும். ஆகவே வண்ணம் பூசுமுன்பே ஒட்டவேண்டிய இடங்களை மாஸ்கிங் டேப்பால் மறைப்பது நல்லது. மறைக்கத் தவறியிருந்தால், கத்தியை ஏறக்குறைய செங்குத்தாகப் பிடித்து, பிளாஸ்டிக் தெரியும்வரை மெதுவாகச் சுரண்டுங்கள். பாகங்களைப் பொருத்திப் பிடித்தபின், நீர்போன்ற மெல்லிய பசையை, இயன்றவரை உட்புறத்திலிருந்து, தூரிகையால் விளிம்பில் தொட்டால் அது தானாகவே இடுக்கினுள் பரவும். வழிந்த பசையை உடனே துடைத்தால் வண்ணமும் சேர்ந்து இழுபடும். முழுவதும் உலர்ந்தபின் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, அதே வண்ணத்தைத் தொட்டுவைப்பதே மேல். ஒளிபுகும் பாகங்களுக்குச் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவியால் வெண்படலம் படியும், பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசையே போதும். ஒளிபுகும் பாகங்களை மூடிவிட்டு, பளபளப்பற்ற மேட் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாகத் தெளித்தால், திருத்திய இடங்களின் பளபளப்பு வேறுபாடு மறையும்.