ஊருணியில் ஆகாயத்தாமரையை அகற்றுவது எப்படி?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர ஊருணிகளுக்கு ஒரே கணக்குத்தான்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையைப் பிடித்தால் உண்டு, விட்டால் இல்லை. ஆழத் தோண்டினால் பல இடங்களில் உப்பு நீர்தான் வரும். இப்படிச் சேர்த்த நீரின் மேல் ஆகாயத்தாமரை படர்ந்தால், வெயில் குடிப்பது போதாதென்று செடியும் இலை வழியே நீரை ஆவியாக்குகிறது. அடியில் வெளிச்சமும் காற்றும் குறைந்து மீன் திணறுகிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, இதன் வேரைத் துளைத்துத்தான் மூச்சு விடுகிறது.

முதலில் செடியை அடையாளம் காணுங்கள்

ஒரு செடியைப் பிடித்துத் தூக்குங்கள். காம்பு நடுவில் உப்பி, கறுத்த வேர்க்கொத்து நீர் சொட்டத் தொங்கினால் அது ஆகாயத்தாமரை. சேற்றில் வேர்விட்டு நீண்ட தண்டோடு நிற்பது அல்லி; அதைத் தொடாதீர்கள். குளத்தில் கால்பங்கு அல்லி இருப்பது மீனுக்கு நல்லது.

நாள் குறிப்பது

தை, மாசி ஏற்ற காலம். மழை நின்று நீர் இறங்கத் தொடங்கியிருக்கும். வாடைக்காற்றும் செடியைத் தெற்கு, தென்மேற்குக் கரைகளில் ஒதுக்கித் தரும். காற்று செய்கிற வேலைக்குக் கூலி இல்லை. பூக்கும் முன்பே முடித்துவிடுவது நல்லது. பூ வாடியதும் அதன் தண்டு வளைந்து காயை நீருக்குள் இறக்கிவிடும். அந்த விதை சேற்றில் இருபது ஆண்டுகள்கூடக் கிடந்து முளைக்கும். ஊருணி பொதுச்சொத்து என்பதால் ஊராட்சி மன்றத்தில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

வாரி எடுப்பது

மீன்பிடிக்கு உதவாத பழைய வலை கடற்கரையில் எளிதாகக் கிடைக்கும். மிதவை உள்ள வலைத்துண்டைக் கயிற்றில் கட்டி, இருவர் இரு கரையிலும் பிடித்து, செடி ஒதுங்கிய மூலையை வளைத்து மறியுங்கள். சிதறி நடுக்குளத்துக்குத் திரும்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பிறகு நீண்ட கழியில் பற்கள் வைத்த வாரியால் கரைக்கு இழுங்கள். வெட்டாதீர்கள். ஒரு துண்டுக் கொடி தப்பினாலும் போதும், வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகிவிடும். கையுறை போடுங்கள், தனியாக இறங்காதீர்கள்; அந்த மெத்தைக்கு அடியில் பாம்பு இருக்கலாம்.

எடுத்ததைக் கரையின் உள்சரிவில் போடுவதைப் பலர் செய்கிறார்கள், ஒரு மழையில் எல்லாம் மறுபடி நீருக்கு வந்துவிடும். கரைக்கு வெளியே கொண்டுபோய்ப் பரப்புங்கள். எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், எனவே வெயிலில் காய்ந்தால் குவியல் சுருங்கிவிடும். பூ, காய் வந்தவற்றைத் தனியே பிரித்து நன்றாக உலர்த்தி எரியுங்கள். மற்றதைச் சாணக் கரைசலோடு அடுக்கடுக்காகப் போட்டு, அவ்வப்போது கிளறி மட்க விடுங்கள். தென்னம்பாத்தியில் மூடாக்காகவும் போடலாம். இன்னொரு கண்மாயில் கொட்டுவது நோயை இடம் மாற்றுவதுதான்.

செய்யக் கூடாதவை

உப்பைத் தாங்காத செடி இது. ஆகவே "கடல்நீரைத் திருப்பிவிட்டால் செத்துவிடுமே" என்று கேட்பவர் எல்லா ஊரிலும் உண்டு. செத்துவிடும், கூடவே குடிநீரும் போய்விடும். களைக்கொல்லியும் வேண்டாம்: குடிக்கிற நீர் என்பது ஒரு காரணம், செத்த செடி மொத்தமாக அழுகி, நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்து மீனைக் கொன்றுவிடும் என்பது மற்றொன்று. புல்கெண்டை விட்டால் தின்றுவிடும் என்ற நம்பிக்கையும் வீண். அது மென்மையான நீர்ச்செடிகளைத் தின்னும், ஆகாயத்தாமரையைச் சீந்தாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஆழமாகத் தூர்வாருவது. எந்திரத்தை வரவழைத்து, "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் சேர்ந்த நன்னீர் கீழே இறங்கும், அல்லது உப்பு மேலே ஏறும். கறுத்த வண்டலை மட்டும் எடுங்கள். களிமண் தென்பட்டதும் நிறுத்துங்கள்.

செடி மறுபடி வராமல்

செடி பெருக உணவு வேண்டும். அது சாக்கடை நீர், மாட்டைக் குளிப்பாட்டுவது, சோப்பு, வரத்துக்காலில் வரும் உர நீர் ஆகியவற்றிலிருந்து வருகிறது. இவற்றை அடைக்காமல் ஆண்டுதோறும் வாரினால் ஆண்டுதோறும் வார வேண்டியதுதான். துணி துவைக்கத் தனி இடமும், மாட்டுக்குத் தனித் தொட்டியும் ஏற்படுத்துவது ஊர்க்கூட்டத்தில் சண்டையாகலாம். ஆனால் முடிவு அங்கேதான் இருக்கிறது.

முதல் மழைக்குப் பின் ஈரக்கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். நாற்று உப்பிய காம்போடு வராது. சன்னமான பட்டை இலைகளோடு புல் போலத்தான் இருக்கும். விரலால் பிடுங்கினாலே வந்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. அன்று தீவனம் போடாமல், அழுகிக் கிடக்கும் இலைதழையை அள்ளுங்கள். வரத்துக்கால் வாயில் கண் அகன்ற வலையைக் கட்டலாம். ஒவ்வொரு மழைக்கும் பின் சேர்ந்த சருகை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வரத்து அடைபட்டு, நமக்கு வர வேண்டிய தண்ணீர் கடலுக்குப் போய்விடும்.