புறங்கையில் நரம்பு புடைத்துத் தெரிகிறதா? இப்படிப் பாருங்கள்

ரத்தம் எடுக்கிற எங்களுக்குப் புடைத்த நரம்பு என்றால் கொண்டாட்டம். கவலையெல்லாம் கையை நீட்டுகிறவருக்குத்தான். "என்னம்மா, பச்சைப் பச்சையாத் தெரியுதே, ரத்தம் கெட்டுப்போச்சா?" திருவல்லிக்கேணி லேப்பில் ஓயாமல் கேட்கிற கேள்வி இது. ஊசி போட்டால் ட்யூபில் ஏறுவது கருஞ்சிவப்புதான். சுற்றியுள்ள தோலைவிட நரம்பு ஓடும் இடத்திலிருந்து சிவப்பு ஒளி குறைவாகத் திரும்புவதால், கண்ணுக்கு நீலமாகவோ பச்சையாகவோ படுகிறது.

முதலில் கையைச் சற்று நேரம் தொங்கவிடுங்கள், நரம்பு நிரம்பும். அப்படியே தலைக்கு மேல் தூக்குங்கள். வற்றி அமுங்கினால் சரி. தூக்கியும் புடைத்தே நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் ஒரு பழைய சோதனை. 1628-ல் வில்லியம் ஹார்வி படம் போட்டுக் காட்டியது. முன்கையில் நேராக ஓடும் நரம்பை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக வழித்துவிடுங்கள். அந்த இடம் வெறுமையாகிவிடும். மேலே போன ரத்தம் திரும்பி இறங்காது, உள்ளே வால்வு தடுக்கிறது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து குபுக்கென்று நிரம்பும்.

மே மாத வெயில், ஜிம், ஒல்லி உடம்பு, வயதால் மெலிந்த தோல், கர்ப்பம் எல்லாமே நரம்பை மேலே காட்டும். நோயல்ல.

காலில் கயிறு மாதிரி சுருண்டால் கதை வேறு. வால்வு பழுதாகி ரத்தம் கீழே தேங்குகிறது. தி.நகர் கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, கேட்டு வாங்குங்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், வீட்டில் தலையணை மேல் காலை வையுங்கள். கணுக்கால் கறுத்தாலோ புண் ஆறாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. கூடவே மூச்சு வாங்கினால் 108. உட்கார்ந்திருக்கும்போதும் கழுத்து நரம்பு புடைத்தால் இதயத்தையும், தொப்புளைச் சுற்றிப் புடைத்தால் கல்லீரலையும் பார்க்கச் சொல்வார்கள்.

சுருண்ட நரம்பு உடைந்து ரத்தம் கொட்டினால் ஆட்டோ பிடிக்க ஓடாதீர்கள். படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நிற்காவிட்டால் 108.