விருந்துக்கு ஒன்று, பரிசுக்கு வேறொன்று: ரெட் ஒயின் வாங்கப் பழகுவோம்

நவம்பர் பிறந்ததும் அமெரிக்காவில் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். நான்காம் வியாழக்கிழமை வான்கோழி விருந்தோடு தேங்க்ஸ்கிவிங், அப்புறம் அலுவலக விருந்துகள், டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ். “நீங்கள் வந்தால் போதும், எதுவும் கொண்டு வர வேண்டாம்” என்பார்கள். வெறுங்கையோடு போக நமக்கு மனசு வராது. சரி, ஒரு ரெட் ஒயின் வாங்கிக்கொண்டு போவோம் என்று கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கப் பாட்டில்கள். பாதிப் பெயர்களை வாசிக்கவே வராது. கடைசியில் விலையையும் லேபிளில் உள்ள படத்தையும் பார்த்து எதையோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவோம்.

அந்தச் சுவருக்கு முன்னால் திகைத்து நிற்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. குடிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை. பிறருக்கு வாங்கிக் கொடுக்க நாம் குடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

படி 1: எதற்காக வாங்குகிறீர்கள்?

சாப்பாட்டு மேசையில் திறக்கப் போகும் ஒயினும், பரிசாகக் கையில் கொடுக்கப் போகும் ஒயினும் ஒன்றல்ல. பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒரே பாட்டிலில் அடக்கப் பார்ப்பதால் வருவது. மேசைக்கு வாங்கும் ஒயின் பலவிதச் சாப்பாட்டோடு ஒத்துப்போக வேண்டும். பரிசு ஒயின் எந்தச் சாப்பாட்டோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை, வாங்கிக்கொள்பவருக்குப் பிடித்தால் போதும்.

எனவே, அழைத்தவருக்கு முன்னதாகவே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “சாப்பாட்டோடு குடிக்க ஒயின் கொண்டு வரட்டுமா?” அவர் சரி என்றால் அது மேசைக்கு. “ஏற்கெனவே வாங்கிவிட்டோம்” என்றால் நீங்கள் கொண்டு போவது பரிசு. பரிசு பாட்டிலை அன்றே திறந்துதான் ஆக வேண்டும் என்ற கடமை வீட்டுக்காரருக்கு இல்லை. அவர் அதை அலமாரியில் வைத்தால் வருத்தப்படாதீர்கள், அதுதான் அங்கே வழக்கம்.

அந்த வீட்டில் மது உண்டா என்பதும் இந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும். மதம், உடல்நலம், குடியை விட்டு மீண்டு வருதல் என்று பல காரணங்களால் ஒயினே வைக்காத வீடுகள் உண்டு. அங்கே நல்ல சாக்லேட்டோடு போய்விடுங்கள்.

படி 2: மேசையில் என்ன இருக்கிறது?

ரெட் ஒயினின் நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலிலிருந்து வருகின்றன. விதையும் காம்பும்கூடத் துவர்ப்பைக் கூட்டும். இந்தத் துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். தேயிலையிலும் இதே வகைப் பொருள்தான் இருக்கிறது. பால் ஊற்றாத கடுந்தேநீர் நாக்கை இழுப்பதும், பால் ஊற்றியதும் அது அடங்கிவிடுவதும் நமக்குத் தெரியும். பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த மாட்டிறைச்சி, துவர்ப்பான ஒயினுக்கு அதே வேலையைச் செய்கிறது. மாட்டிறைச்சி ஸ்டேக்கும், துவர்ப்பு மிகுந்த கேபர்நே சோவின்யோன் என்ற திராட்சையின் ஒயினும் ஜோடி சேர்ந்தது இப்படித்தான்.

தேங்க்ஸ்கிவிங் மேசை வேறு மாதிரி. வான்கோழி சாதுவான இறைச்சி, நெஞ்சுப் பகுதி கொஞ்சம் வறண்டும் இருக்கும். அதைச் சுற்றிப் புளிப்பும் இனிப்புமாகக் கிரான்பெர்ரி சாஸ், மூலிகை வாசத்தோடு ஸ்டஃபிங், இனிப்பான சர்க்கரைவள்ளி, உப்பான கிரேவி. எல்லாம் ஒரே தட்டில். இதற்கு நடுவில் விலையுயர்ந்த, துவர்ப்பு மிகுந்த கேபர்நேயை வைத்தால் அந்த இனிப்பு அதைக் கசப்பாக்கிவிடும். ஒயின் நன்றாகத்தான் இருந்திருக்கும், உட்கார்ந்த இடம்தான் சரியில்லை.

ஆகவே, வான்கோழிக்குத் துவர்ப்பு குறைவாக, கொஞ்சம் புளிப்போடு, பழவாசம் தூக்கலாக இருக்கும் ஒயின் வேண்டும்.

படி 3: வான்கோழிக்கு வாங்க வேண்டியவை

என் முதல் பரிந்துரை போஜொலே. பிரான்சில் பர்கண்டிக்குத் தெற்கே உள்ள பகுதி இது. திராட்சையின் பெயர் காமே. 1395-இல் பர்கண்டியின் பிரபு துணிச்சல்கார பிலிப், இந்தக் காமேயைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். அவருக்கு உயர்ந்தது பீனோ நுவார் என்ற இன்னொரு திராட்சை. துரத்தப்பட்ட காமே, தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் செழித்து நின்றது. இன்று வான்கோழிக்கு ஒயின் கேட்டால் பல கடைக்காரர்களின் கை முதலில் நீளுவது அதை நோக்கித்தான்.

கடைக்குப் போனால் மூன்று தரங்கள் கண்ணில் படும். ‘போஜொலே நூவோ’ என்பது அந்த வருஷ அறுவடையில் செய்த புது ஒயின். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமைதான் விற்பனைக்கு வரும், அதாவது தேங்க்ஸ்கிவிங்குக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. கடைக்காரர்கள் வாசலிலேயே அடுக்கி வைப்பது இதைத்தான். ஜூஸ் மாதிரி எளிதாக இறங்கும், கொண்டாட்டத்துக்குச் சரி. ஆனால் சில டாலர் கூடக் கொடுத்து ‘போஜொலே வில்லாஜ்’ வாங்குவதே மேல் என்பேன். அதற்கும் மேலே ‘க்ரூ’ எனப்படும் 10 பகுதிகள் உள்ளன. ஃப்ளூரி, மோர்கோன், புரூயி, மூலான்-ஆ-வான் போன்றவை அவற்றில் சில. இவற்றின் லேபிளில் பகுதியின் பெயர்தான் பெரிதாக இருக்கும், போஜொலே என்ற சொல்லே இல்லாமலும் போகலாம். அதனால் பலர் கடந்து போய்விடுகிறார்கள். மென்மையாக வேண்டுமென்றால் ஃப்ளூரி, கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் மோர்கோன் கேளுங்கள்.

இரண்டாவது பீனோ நுவார். பர்கண்டியில் இதன் விலை பயமுறுத்தும். ஆரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கிலிருந்து வருவதைப் பாருங்கள். நடுத்தர விலையிலேயே நம்பி வாங்கலாம். மிக மலிவான பீனோ நுவாரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வளர்க்கச் சிரமமான திராட்சை, சல்லிசாகக் கிடைத்தால் எங்கோ குறை இருக்கும்.

அமெரிக்க ஒயின்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வீட்டுக்குக் கலிபோர்னியா ஸின்ஃபாண்டல். பழவாசம் அள்ளும், இனிப்பான சாஸுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் ஆல்கஹால் 15 சதவீதத்தைத் தொடுவது இதில் சாதாரணம். மத்தியானம் இரண்டு மணிக்கே தொடங்கும் விருந்தில் கவனம் தேவை.

படி 4: கிறிஸ்துமஸ் மேசை

இங்கே வழி எளிது. பிரைம் ரிப் போன்ற மாட்டிறைச்சி என்றால், மேலே ஒதுக்கி வைத்த கேபர்நேயை இப்போது தாராளமாக எடுங்கள். அர்ஜென்டினாவின் மெண்டோசா பகுதி மால்பெக் அதைவிடக் குறைந்த விலையில் அதே வேலையைச் செய்யும். ஆட்டிறைச்சி என்றால் ஸ்பெயினின் ரியோஹா. தேன் பூசிய ஹாம் என்றால் மறுபடியும் போஜொலே, இல்லாவிட்டால் இத்தாலியின் லாம்ப்ரூஸ்கோ. நுரைத்து வரும் ரெட் ஒயின் அது, குளிரவைத்துத்தான் குடிப்பார்கள்.

விருந்து நம்மவர் வீட்டில் என்றால் வான்கோழிமேல் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் ஏறியிருக்கும், பக்கத்தில் பிரியாணியும் இருக்கும். ஆல்கஹால் காரத்தைத் தூண்டிவிடும், துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். அதனால் 13 சதவீதத்துக்குள் இருக்கும் மென்மையான ஒயினை லேசாகக் குளிரவைத்துக் கொடுங்கள். ஸின்ஃபாண்டலை அன்று வெளியே எடுக்காதீர்கள்.

படி 5: லேபிளைப் படிப்பது

அமெரிக்க ஒயின்கள் திராட்சையின் பெயரைச் சொல்லும், ஐரோப்பிய ஒயின்கள் பெரும்பாலும் ஊரின் பெயரைச் சொல்லும். ரெட் பர்கண்டி என்றால் பீனோ நுவார், ரியோஹா என்றால் பெரும்பாலும் டெம்ப்ரானியோ, இத்தாலியின் பரோலோ என்றால் நெபியோலோ. இந்த மூன்று போதும், மற்றவை போகப் போகத் தெரியவரும்.

அமெரிக்க லேபிளில் ஒரு திராட்சையின் பெயர் மட்டும் இருந்தால், உள்ளே குறைந்தது 75 சதவீதம் அந்தத் திராட்சை இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆரிகன் தன் பீனோ நுவாருக்கு 90 சதவீதம் என்று கறாராக வைத்திருக்கிறது. அந்த ஊர் பாட்டிலை நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ரிசர்வ்’ என்ற சொல்லைக் கண்டு மயங்காதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அதற்கு வரையறை கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ரியோஹாவில் அப்படியில்லை. அங்கே ‘கிரியான்ஸா’ என்றால் குறைந்தது 2 வருஷம், ‘ரெசர்வா’ என்றால் 3 வருஷம், ‘கிரான் ரெசர்வா’ என்றால் 5 வருஷம் வைத்திருந்து விற்க வேண்டும், அதில் ஒரு பகுதி ஓக் பீப்பாயில். கனமான பாட்டில், அடியில் ஆழமான குழி, தங்க எழுத்து, இவற்றுக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை. திருகு மூடி போட்டதெல்லாம் மட்டம் என்பதும் பழைய எண்ணம். நியூசிலாந்தின் நல்ல ஒயின்களில் பெரும்பாலானவை திருகு மூடியோடுதான் வருகின்றன.

சைவர்களுக்கு ஒரு தகவல். ஒயினைத் தெளிவாக்க முட்டையின் வெள்ளைக்கரு, ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள் போன்றவற்றைச் சில தயாரிப்பாளர்கள் சேர்ப்பதுண்டு. அதெல்லாம் பின்னர் வண்டலோடு நீங்கிவிடும் என்றாலும், மனசு ஒப்பாதவர்கள் ‘வீகன்’ என்று குறித்த பாட்டிலைக் கேட்டு வாங்கலாம்.

படி 6: எத்தனை பாட்டில்?

750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் 5 கிளாஸ் வரும். குடிப்பவர் ஒருவருக்கு அரை பாட்டில் என்று கணக்குப் போட்டால் நீண்ட விருந்துக்குத் தாராளம். வண்டி ஓட்டிப் போகிறவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மேசைக்கு என்றால் 40 டாலருக்கு ஒரு பாட்டிலைவிட 20 டாலருக்கு இரண்டு நல்லது. இத்தனை ருசிகளுக்கு நடுவில் அந்த 40 டாலர் நுணுக்கம் யாருக்கும் தெரியப் போவதில்லை.

படி 7: பரிசு

இங்கேதான் கொஞ்சம் காசு செலவழிக்கலாம். ஆனால் ‘விலை கூடினால் மரியாதை கூடும்’ என்ற கணக்கு வேண்டாம். இளம் பரோலோவும், கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கிலிருந்து வரும் விலையுயர்ந்த கேபர்நேயும் பல வருஷம் வைத்திருந்தால்தான் பணியும். ஒயின் சேகரிப்பவருக்கு அது நல்ல பரிசு. மற்றவர்கள் அடுத்த சனிக்கிழமையே திறந்து, “துவர்க்கிறதே” என்பார்கள்.

ஒயின் பற்றி அதிகம் தெரியாத நண்பருக்கு என் தேர்வு ரியோஹா கிரான் ரெசர்வா. காத்திருக்கும் வேலையைத் தயாரிப்பாளரே முடித்துவிட்டார், வாங்கியவர் அன்றே திறக்கலாம். இவ்வளவு வயதான ஒயின் வேறு ஊர்களில் இந்த விலைக்குக் கிடைப்பது கடினம்.

அமெரிக்க மேலதிகாரிக்கோ வீட்டுக்காரருக்கோ என்றால் நாபா பாட்டில் பெருமையாக இருக்கும். 1976-இல் பாரிஸில் பெயரை மறைத்து ருசி பார்த்த போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973 கேபர்நேயைத் தங்கள் நாட்டுப் போர்தோ பகுதி ஒயின்களுக்கு மேலே வைத்தார்கள். வாழ்த்து அட்டையில் இதை இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

யாருக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாவிட்டால் போர்ட். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில், சாறு பாதி நொதிக்கும்போதே திராட்சை ஸ்பிரிட் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால் இனிப்பு தங்கிவிடும், ஆல்கஹாலும் 20 சதவீதம் வரை போகும். பீப்பாயில் பழுக்கவைத்த போர்ட்டுக்கு டானி என்று பெயர், ‘10 வருஷ டானி’ என்று கேளுங்கள். பெக்கான் பை, பூசணி பை, கொட்டை வகைகளோடு பிரமாதமாகப் போகும். நம் ஊர்ப் பாதாம் அல்வாவோடும் போகும், இது என் சொந்த சிபாரிசு.

பரிசில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளியூர் நண்பருக்குத் தபாலில் அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்கத் தபால் துறை மதுவை ஏற்பதில்லை. அந்த மாநிலத்துக்கு அனுப்ப உரிமம் உள்ள கடை அல்லது தயாரிப்பாளர் மூலம்தான் அனுப்ப வேண்டும், வாங்கிக்கொள்பவர் 21 வயது நிறைந்தவராக இருந்து கையெழுத்துப் போட வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் மளிகைக் கடையில் ஒயினே கிடைக்காது, அதற்கென்று உள்ள கடைக்குத்தான் போக வேண்டும். கடைசி நேரத்தில் அலையாதீர்கள்.

படி 8: திறப்பதும் மிச்சம் வைப்பதும்

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்கள். ஹீட்டர் ஓடும் வீட்டின் 22 டிகிரி அதற்குச் சரிப்படாது. கனமான ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், போஜொலேக்கும் பீனோ நுவாருக்கும் 13 டிகிரி வாக்கில். பரிமாறுவதற்கு முன், கனமானதை 20 நிமிஷமும் லேசானதை 40 நிமிஷமும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த ஒரு வேலையில் 15 டாலர் ஒயினும் எடுப்பாகிவிடும்.

குளிர் மாநிலங்களில் பாட்டிலை இரவு முழுக்கக் காரின் டிக்கியில் விடாதீர்கள். ஒயின் உறைந்தால் தக்கையை வெளியே தள்ளிவிடும்.

திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது என்று பொருள். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ருசி போயிருக்கும். மூடிக் கொண்டு போய் ரசீதோடு கொடுத்தால் நல்ல கடைகள் மாற்றித் தரும். மிச்சத்தைத் தக்கையால் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை குடிக்கலாம், அப்புறம் சமையலுக்கு. டானி போர்ட் மட்டும் திறந்த பிறகும் சில வாரம் தாங்கும்.