பழைய மிக் மெஷினைக் கெடுக்கும் கைப்பழக்கங்கள்

வெல்டிங் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் பழைய மிக் மெஷின் (MIG, வயரைத் தானாக ஊட்டும் வெல்டிங் மெஷின்) ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வயர் விட்டுவிட்டு வந்தது. பக்கக் கதவைத் திறந்தார், ரோலருக்கு மேலே இருக்கும் திருகை ஒரு சுற்று இறுக்கினார், வயர் ஓடத் தொடங்கியது. அவருக்கு நிம்மதி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே திருகை, அதே நம்பிக்கையோடு, பல மாதம் இறுக்கியவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹெல்மெட் போடு, சிலிண்டரைத் திற என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் நாளே தெரிந்துவிடும். தவறு என்றே தெரியாமல் செய்கிறவைதான் மெஷினைத் தின்கின்றன.

வயர் தடுமாறினால் ரோலரை இறுக்குவது

எனக்கு அதிகச் செலவு வைத்த தவறு இதுதான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

டிரான்ஸ்ஃபார்மர் வகைப் பழைய மெஷின் அது, 0.8 மில்லிமீட்டர் வயர். ஒரு நாள் வயர் திக்கித் திக்கி வந்தது. திருகை அரைச் சுற்று இறுக்கினேன், சரியானது. பத்து நாள் கழித்து மறுபடி திக்கியது, மறுபடி அரைச் சுற்று. இப்படியே போனதில் ஒரு நாள் வயர் ஃபீட் நின்றுபோனது. கழற்றிப் பார்த்தால் மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோல் போர்டு கருகியிருந்தது. பழைய போர்டு, ஆயுள் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது போட்டேன். சில வாரத்தில் அதுவும் போனது. பழுது பார்க்க வந்தவர் மோட்டாரைக் கைகாட்டினார். மோட்டாரையும் மாற்றினேன். வயர் அப்போதும் திக்கியது.

கடைசியில் அனுபவசாலி ஒருவர் வந்தார். மெஷின் பக்கமே போகவில்லை. டார்ச்சிலிருந்து லைனரை உருவி, வெள்ளைத் தாளின் மேல் தட்டினார். செம்பு நிறமும் கறுப்பும் கலந்த தூள் கொட்டியது. பிறகு ரோலரைத் தாண்டி வந்த வயரில் ஒரு துண்டு வெட்டி என் கையில் கொடுத்து, நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். உருண்டையாக இருக்க வேண்டிய வயர் இரண்டு பக்கமும் தட்டையாகி, ஓரத்தில் பிசிறு தட்டியது.

நடந்தது இதுதான். லைனர் என்பது வயர் ஓடும் சுருள்கம்பிக் குழாய். அதில் தூசி சேரச் சேர உராய்வு கூடும், வயர் நிற்கும். ரோலரை இறுக்கினால் அப்போதைக்கு ஓடும். ஆனால் இறுகிய ரோலர் வயரை நசுக்கும், மேலே இருக்கும் செம்புப் பூச்சை உரிக்கும். அந்தத் தூளும் லைனருக்குள்ளேயே போய்ச் சேரும், உராய்வு இன்னும் கூடும். தட்டையான வயர், டார்ச் நுனியில் வயர் வெளியே வரும் டிப்பின் துளையிலும் சிக்கும். இதற்கெல்லாம் சேர்த்துப் பாரம் இழுப்பது மோட்டார். அது அதிகக் கரண்ட் குடிக்கும், அதைத் தாங்க முடியாமல் போர்டு கருகும். நோய் லைனரில், நான் வைத்தியம் பார்த்ததோ போர்டுக்கும் மோட்டாருக்கும். அந்தப் பணத்தில் எத்தனையோ லைனர் வாங்கியிருக்கலாம்.

வயர் தடுமாறினால் திருகைத் தொடாதீர்கள். மெஷினை அணைத்துவிட்டு ரோலரை அழுத்தும் கையைத் தூக்கி விடுங்கள். வயர் சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கையால் சுற்றிப் பாருங்கள். கடினமாகச் சுற்றினால் ஸ்பூல் பிரேக்கைத் தளர்த்துங்கள். டிரிக்கரை விட்டதும் ஸ்பூல் தன்பாட்டுக்குச் சுழலாமல் நின்றால் போதும், அதற்கு மேல் இறுக்கம் வேண்டாம். அடுத்து, டிப்புக்கு வெளியே நீட்டியிருக்கும் வயரைக் குறடால் பிடித்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு வர வேண்டும். வரவில்லையா, டிப்பைக் கழற்றிவிட்டு இழுங்கள். இப்போது வந்தால் கோளாறு டிப்பில். அப்போதும் இழுத்துப் பிடித்தால் டார்ச் கேபிளைத் தரையில் நேராக நீட்டி மறுபடி பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் லைனரை மாற்ற வேண்டியதுதான். இத்தனைக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ரோலர் அழுத்தம் சரியா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, டார்ச் நுனியை மரக்கட்டைக்கு அரை அங்குலம் தள்ளிப் பிடித்து டிரிக்கரைச் சில விநாடி அழுத்துங்கள். வயர் முட்டி நிற்கும்போது ரோலர் வழுக்க வேண்டும். வழுக்காமல் ரோலர் பக்கத்தில் வயர் குருவிக்கூடு போலச் சுருண்டால் அழுத்தம் அதிகம். ரோலர் பள்ளமும் வயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: இரும்பு வயருக்கு வி வடிவம், அலுமினியத்துக்கு யு வடிவம், உள்ளே ஃப்ளக்ஸ் தூள் அடைத்த ஃப்ளக்ஸ் கோர்டு வயருக்குச் சொரசொரப்பான பல் ரோலர். பல் ரோலரில் சாதா வயரை ஓட்டினால் லைனருக்குள் அரம் போட்ட மாதிரிதான்.

புது லைனரைக் குட்டையாக வெட்டுவது

லைனர் மாற்றத் துணிந்தவர்கள் அடுத்து விழும் குழி இது. கேபிளைச் சுருட்டி வைத்துக்கொண்டே அளந்து வெட்டிவிடுவார்கள். டார்ச்சை நீட்டியதும் லைனர் உள்ளே இழுபட்டுக் குட்டையாகிவிடும். முனையில் ஏற்படும் அந்தச் சிறு இடைவெளி போதும், வயர் அங்கே மடங்கும். கேபிளை நேராக நீட்டிப் போட்டு, டார்ச் செய்தவர் சொன்ன அளவுக்கு விட்டு வெட்டுங்கள். வெட்டிய முனையில் உள்பக்கம் பிசிறு நிற்கும். அதை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, வயர் நுனியை விட்டுப் பாருங்கள். தட்டாமல் போனால் சரி.

நிறத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான டார்ச்களில் 0.8 வயருக்கு நீல லைனர், 1.2 வயருக்குச் சிவப்பு. நீலத்தில் 1.2 வயரைத் திணிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லைனருக்குள் எண்ணெய் அடிப்பது

வேண்டாம். தூசி ஒட்டும், வெல்டில் துளை விழும்.

எர்த்தை மறந்துவிட்டு மெஷினைக் குறைசொல்வது

“பழைய மெஷின், பவர் இறங்கிவிட்டது” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எர்த் கிளாம்பை எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்றுதான். ஒரு சின்னக் கணக்கு. கிளாம்பிலோ, கேபிள் முனையில் இருக்கும் உலோக லக்கிலோ துருப்பிடித்து 0.01 ஓம் தடை சேர்ந்தது என்று வையுங்கள். 150 ஆம்பியர் ஓடும்போது அங்கேயே 1.5 வோல்ட் போய்விடும். 225 வாட் சூடு அந்த இடத்தில் வீணாகும். மெல்லிய தகட்டில் 18 வோல்ட்டில் வேலை செய்கிறவருக்கு 1.5 வோல்ட் என்பது சின்ன விஷயம் இல்லை. பல மெஷின்களில் வோல்ட்டேஜ் சுவிட்ச்சை ஒரு படி குறைத்த மாதிரி.

வெல்டிங் ஓடும்போது ஒருவரை விட்டு, மெஷினின் எர்த் முனைக்கும் வேலைத் துண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். சாதாரண நீளக் கேபிளில் 1 வோல்ட்டைத் தாண்டினால் கிளாம்பையும் லக்கையும் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் புதிய லக் போட்டுக் கிரிம்ப் செய்யுங்கள். வேலை முடிந்த கையோடு லக்கைத் தொடாமல் கையை அருகில் கொண்டுபோனாலே சில சமயம் சூடு தெரியும். எர்த் சரியாக இருந்தும் பவர் குறைகிறது, ஆர்க் கரகரக்கிறது என்றால் அப்போது ஏசியை டிசியாக மாற்றும் டயோடைச் சோதியுங்கள்.

கேஸைக் கூட்டிக்கொண்டே போவது

வெல்டில் துளை விழுந்ததும் ரெகுலேட்டரைத் திருகாதீர்கள். பட்டறைக்குள் செய்யும் சாதாரண வேலைக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். அதற்கு மேல் வேகமாகப் போனால் கேஸ் சுழித்து, வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். பழைய மெஷினில் ஹோஸ் விறைத்துப் போயிருக்கும், டார்ச் இணையும் இடத்தில் ஓ-ரிங் வெடித்திருக்கும். சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

துருவம்

கேஸோடு ஓடும் சாதா வயர்: டார்ச் பாசிட்டிவ். கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கோர்டு: பெரும்பாலும் டார்ச் நெகட்டிவ். வயர் டப்பாவைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

கெபாசிட்டர் சேர்ப்பதை விளையாட்டாக நினைப்பது

சின்னப் பழைய மெஷின்களில் ஆர்க் மென்மையாக வருவதற்காகக் கெபாசிட்டர் சேர்ப்பார்கள். நல்ல பலன் கொடுக்கும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் மல்டிமீட்டர் ஏசியில் காட்டும் அளவை மட்டும் பார்த்துக் கெபாசிட்டர் வாங்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் 35 வோல்ட் ஏசி கொடுத்தால், அதன் உச்சம் கிட்டத்தட்ட 50 வோல்ட். கெபாசிட்டர் அந்த உச்சத்துக்கு ஏறி நிற்கும். 50 வோல்ட் கெபாசிட்டர் போட்டால் கொஞ்சமும் இடம் இருக்காது, 63 வோல்ட்டோ 80 வோல்ட்டோ வேண்டும். அணைத்த பிறகு சார்ஜை இறக்கிவிடும் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் இணையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பி உள்ளே கை வைக்காதீர்கள். மீட்டரில் வோல்ட்டேஜ் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

மேம்பாட்டைத் தலைகீழாகத் தொடங்குவது

டிஜிட்டல் மீட்டர், புது முகப்பு, பெரிய ஃபேன் என்று வெளியே தெரிவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். என் வரிசை வேறு. முதலில் டிப், லைனர், எர்த். அடுத்து, மெஷினோடு ஒட்டியே வரும் பழைய டார்ச்சை எடுத்துவிட்டு யூரோ கனெக்டர் போடுவது. அதன்பிறகு டார்ச் கெட்டாலும் கழற்றி மாட்டிவிடலாம், வேறு மெஷின் டார்ச்சும் பொருந்தும். பிறகு, ரோலர்கள் இருக்கும் ஃபீடர் பிளாஸ்டிக்கில் இருந்தால் அதை உலோக ஃபீடராக மாற்றுவது. பிளாஸ்டிக் கை சூட்டில் வளைந்து, ரோலர் அழுத்தம் தானாக மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் திருகை எவ்வளவு சரியாக வைத்தாலும் மதியத்துக்குள் அது வேறு அளவில் நிற்கும். யூரோ கனெக்டர் போடும்போது, ரோலரிலிருந்து வெளியேறும் வயர் கனெக்டருக்குள் நுழையும் இடத்தில் வழிகாட்டிக் குழாயை ரோலரை ஒட்டியே வையுங்கள். மிகச் சிறிய இடைவெளிதான் இருக்க வேண்டும்.