ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு முன் வரும் பதற்றம்: பெரியவர்கள் செய்யும் தவறுகள்

முப்பது, நாற்பது வயதில் "எனக்கு ஆட்டிசமா இருக்குமோ" என்ற சந்தேகம் வந்து, பெரியவர்களையும் பார்க்கும் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைத் தேடிப் பிடித்து, தேதி வாங்கிய பிறகுதான் பலருக்குத் தூக்கம் போகிறது. இல்லையென்று சொல்லிவிட்டால்? இத்தனை நாளும் நானாகக் கற்பனை செய்துகொண்டேனா? இந்தப் பயம் வராதவர்கள் குறைவு. பயப்படுவதில் தவறில்லை. பயத்தின் பேச்சைக் கேட்டுக்கொண்டு தயாராவதில்தான் சிக்கல்.

ஒத்திகை பார்ப்பது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கண்ணைப் பார்த்துப் பேசக் கண்ணாடி முன் பழகுவது, கேட்கக்கூடிய கேள்விகளுக்கு வசனம் எழுதி மனப்பாடம் செய்வது, சோதனையில் என்னென்ன வரும் என்று யூட்யூபில் தேடிப் பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். பள்ளியிலும் ஆபீஸிலும் இப்படி ஒப்பேற்றித்தான் இத்தனை வருடம் கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருப்பீர்கள். மாஸ்கிங் என்பது இதுதான். அதே முகமூடியை மதிப்பீட்டு அறைக்கும் போட்டுக்கொண்டு போனால், பார்க்க வேண்டியதைப் பார்க்க விடாமல் நீங்களே மறைப்பதாக ஆகும்.

பல இடங்களில் பயன்படும் ஏடாஸ்-2 (ADOS-2) என்பது நேரில் பேசவைத்துக் கவனிக்கும் ஆட்டிச மதிப்பீட்டு முறை. அதில் சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கு நான்காம் மாட்யூல், அதாவது நான்காம் பகுதி. ஏறக்குறைய 40 முதல் 60 நிமிடம் ஆகும். பேச்சு எப்படிப் போகிறது, கையும் முகமும் பேச்சோடு சேர்ந்து வருகிறதா, எதிரில் இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு உரையாடல் நகர்கிறதா என்றுதான் கவனிக்கிறார்கள். சரியான விடை என்று எதுவும் கிடையாது.

"நம்ப மாட்டார்களோ" என்ற பயத்தில் எதையும் கூட்டிக் காட்டவும் வேண்டாம். காலாட்டத் தோன்றினால் ஆட்டுங்கள். பதில் வர நேரமானால் "கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். முகமூடி பழகிப்போய்க் கழற்றவே வரவில்லையா? அதை வாய்விட்டுச் சொன்னால் போதும்: "நான் உங்க கண்ணைப் பார்த்துத்தான் பேசுறேன். ஆனா கவனமெல்லாம் அதுலயே போயிடுது. நீங்க கேட்டதுல பாதி மனசுல ஏறல." வெளியே தெரியாத உழைப்பு இப்படிச் சொன்னால்தான் எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

ஆன்லைன் கேள்வித்தாளைத் திரும்பத் திரும்பப் போடுவது

ஆட்டிசப் பண்புகளைப் பற்றி நாமே பதில் சொல்லும் கேள்வித்தாள்களில், ஏகியூவில் (AQ) 50 கேள்விகள், ராட்ஸ்-ஆரில் (RAADS-R) 80. ராத்திரி ஒரு மணிக்கு நான்காவது தடவையாகப் போட்டு, மதிப்பெண் இரண்டு குறைந்ததும் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. இவை முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே. சமூகப் பதற்றம், மனச்சோர்வு, ஏடிஹெச்டி (கவனம் சிதறல், அதீதத் துறுதுறுப்பு) இருந்தாலும் மதிப்பெண் ஏறும். ஒருமுறை போட்டால் போதும். குழப்பிய கேள்விக்குப் பக்கத்தில் ஏன் குழப்பியது என்று எழுதுங்கள். பார்ட்டிக்குப் போவதா, நூலகத்துக்குப் போவதா என்று ஏகியூவில் ஒரு கேள்வி வரும். பார்ட்டிக்கே போகாத நம் ஊர்க்காரர் கல்யாண வீட்டை நினைத்துப் பதில் சொல்லலாம், அப்படித்தான் நினைத்தேன் என்று குறிப்பும் எழுதலாம். அந்தக் குறிப்பு மதிப்பெண்ணைவிடப் பயன்படும்.

சின்ன வயதுத் தகவலைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடுவது

மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய நிபுணர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 (DSM-5) கையேட்டின் அளவுகோலின்படி, அறிகுறிகள் குழந்தைப் பருவத்திலேயே இருந்திருக்க வேண்டும். அதனால் அந்த வயதைப் பற்றி அவசியம் கேட்பார்கள். நாலு, ஐந்து வயதில் எப்படி இருந்தீர்கள் என்பது மிக முக்கியம். ஆனால் அம்மாவிடம் "நான் வித்தியாசமா இருந்தேனா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, நீ ரொம்ப சமத்து. ஒரு மூலையில உக்காந்தா நாள் பூரா தனியா விளையாடுவே" என்பார். இல்லையென்று சொல்லிக்கொண்டே ஒரு நல்ல தகவலைத் தந்துவிட்டார், கவனித்தீர்களா?

குறிப்பாகக் கேளுங்கள். எப்போது பேச ஆரம்பித்தேன்? மிக்ஸி ஓடினால் என்ன செய்வேன்? எந்தச் சாப்பாட்டைத் தொடவே மாட்டேன்? விசேஷ வீட்டில் எங்கே இருப்பேன்? பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே, வயதோடு எழுதுங்கள். பெற்றோர் இல்லையென்றால் அக்கா, சித்தி, அத்தை யாரிடமாவது கேட்கலாம். பழைய ரேங்க் கார்டில் டீச்சர் எழுதிய ஒரு வரிகூட உதவும்.

உங்கள் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனால் போதும். இருபது பக்கம் எழுதினால் முக்கியமானது அதற்குள் புதைந்துபோகும். "சத்தம் பிடிக்காது" என்பதைவிட, "பஸ் ஸ்டாண்டில் ஏர்ஹாரன் அடித்தால் பேச்சு நின்றுவிடுகிறது, வீட்டுக்கு வந்து லைட்டை அணைத்து ஒரு மணி நேரம் படுத்தால்தான் சரியாகிறது" என்று எழுதுவது எவ்வளவோ மேல். "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் தலை வெறுமையாகிப் போனால், அந்தத் தாளைப் பார்த்துப் படிக்கலாம்.

போன் பண்ணத் தயங்கி எதுவும் கேட்காமல் போவது

பதற்றத்தில் பாதி, அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால் வருவது. வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ கேட்டுவிடுங்கள்: எத்தனை சிட்டிங், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், அறையில் யார் யார் இருப்பார்கள், தமிழில் பேசலாமா, வீட்டிலிருந்து யாராவது வர வேண்டுமா, நடுவில் இடைவேளை உண்டா, ரிப்போர்ட் எப்போது கிடைக்கும், மொத்தம் எவ்வளவு ஆகும். சைக்காலஜிஸ்ட் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். ஓபி கூட்டத்தில் காத்திருக்க வேண்டுமென்றால் இயர்பிளக் எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை அன்றைக்கு மட்டும் நிறுத்துவதும் தவறு. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், படபடப்பு வரலாம். யாருக்கோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை முந்தின ராத்திரி போட்டுக்கொள்வது அதைவிட மோசம். காபி வழக்கமான அளவுக்கு மேல் வேண்டாம். படபடப்பு ஏறினால் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்கள் உள்ளங்கை இரண்டையும் சுவரில் அழுத்திப் பத்து எண்ணலாம், முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடிக்கலாம்.

முடிவைத் தீர்ப்பாக நினைப்பது

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேறு, இந்த மதிப்பீடு வேறு. ஆட்டிசம் என்று வந்தாலும் யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு விண்ணப்பிப்பது உங்கள் விருப்பம். "இல்லை" என்று வந்தால் பொய் சொன்னீர்கள் என்று அர்த்தமில்லை. எந்த அளவுகோல் பொருந்தவில்லை, என் சிரமங்களுக்கு வேறென்ன காரணம், அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். பலருக்கு அயர்ச்சி அன்றுதான் வரும். காத்திருக்கும் நாட்களில் தாங்க முடியாமல் போனால், அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.