வாக்ஸ் பூச முன்னம் புழுதியைக் கவனியுங்கோ

காரில் விழும் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் துணியில் ஒட்டிய செம்மண் துகளால் வருபவை. காய்ந்த துணியால் புழுதி தட்டவே வேண்டாம். முதலில் தண்ணீர் அடித்துக் கழுவி, இரண்டு வாளி வையுங்கோ: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஷாம்பூவில் தோய்க்கவேணும். சில்லுக்கு வேறு துணி. எங்கட கிணற்றுநீரில் சுண்ணாம்பு கூட. வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் பொட்டு விழும். நிழலில் கழுவி, மைக்ரோஃபைபர் துவாயால் உடனே ஒற்றி எடுங்கோ.

கிளீனர் வாக்ஸில் (அழுக்கையும் சேர்த்து எடுக்கிற வாக்ஸ்) உராயும் பொருள் கலந்திருக்கலாம். புதுப் பெயின்டுக்கு வேண்டாம். கார்னோபா (ஒருவகைப் பனையோலையில் எடுக்கிற இயற்கை வாக்ஸ்) நல்ல மினுக்கம், ஆனால் சில கிழமைதான் நிற்கும். வெளியில் நிற்கும் காருக்குச் சில மாதம் தாங்கும் சின்தெட்டிக் சீலன்டே (பெயின்டைக் காக்கிற செயற்கைப் பூச்சு) நல்லது. மெல்லிசாகப் பூசுங்கோ, தடித்தால் அழுத்தித் தேய்க்க வேண்டிவரும், அதிலேயே கீறும். நிலத்தில் விழுந்த துணியைத் தோய்க்காமல் பாவிக்காதேங்கோ.