உள்பக்கப் பிசிறுக்கு ஒரு பிரெஞ்சுத் தையல்

வீட்டில் தைத்த சட்டையை உள்பக்கம் திருப்பினால்தான் குட்டு வெளிப்படும், நாலு தடவை துவைத்ததும் நூல் நூலாகத் தொங்கும். மெல்லிய பருத்தி, ஷிஃபான் மாதிரித் துணி என்றால், வெட்டிய ஓரத்தை உள்ளே வைத்து இரண்டு முறை தைத்து மூடும் பிரெஞ்சுத் தையல் போடுங்கள். ஓரம் பிசிறாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் தேவையே இல்லை.

தையலுக்கு 1.5 செ.மீ. விட்டு வெட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கத்துக்கு மாறாக, இரண்டு துண்டின் நல்ல பக்கமும் வெளியே தெரியும்படி சேர்த்து வைத்து, ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி முதல் தையல் போடுங்கள் (தப்பாகத் தைக்கிறோமோ என்று மனசு அடித்துக்கொள்ளும், கண்டுகொள்ளாதீர்கள்). அப்புறம் மிச்சத் துணியை 3 மி.மீ. மட்டும் விட்டு நறுக்கிவிட்டு, தொங்கும் பிசிறையெல்லாம் பிடுங்கி எறியுங்கள். ஒன்றிரண்டு நூல் தங்கினாலும் கடைசியில் நல்ல பக்கத்தில் மீசை மாதிரி எட்டிப் பார்க்கும், அப்புறம் அதைச் சரிசெய்வது பெரும் பாடு.

இப்போது நல்ல பக்கங்கள் உள்ளே போகும்படி திருப்பி, முதல் தையல் சரியாக மடிப்பின் விளிம்பில் உட்காரும்படி இஸ்திரி போட்டு, 5 மி.மீ. தள்ளி இரண்டாவது தையல். பிசிறு உள்ளேயே சிறைபட்டுவிடும். இஸ்திரியை மட்டும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், பாதி அழகு அதில்தான்.

டெனிம் போன்ற தடித்த துணிக்கு இது ஆகாது, கட்டை கட்டையாக நிற்கும். அதற்கு ஜிக்ஜாக் போதும். ஊசி ஒரு குத்து துணியிலும் அடுத்த குத்து ஓரத்தை ஒட்டி வெளியிலும் விழ வேண்டும். வெட்டுத் துண்டில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.